யன்னலுக்குக் கீழே வைத்த விளக்குகள்

கல்யாணத்தோடு எனக்கென்று ஆன வீட்டில் எனக்கு ஒரேயொரு மனக்குறை இருந்தது. பொழுது பட்டதும் அதன் முன்மண்டபம் என் கையை விட்டுப் போய்விடும்.

எங்கள் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. மகள் பிறந்த நாளிலிருந்தே தகப்பன்மார் கல்லும் மரமும் தேடத் தொடங்குவார்கள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் தன் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். வாப்பா எனக்காகக் கட்டிய வீடு சாய்ந்தமருதில், பெருந்தெருவிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. ஓட்டுக்கூரை, சுண்ணாம்பு பூசிய சுவர், சிவப்புச் சீமெந்துத் தரை, ஒழுங்கையைப் பார்த்தபடி இரண்டு பெரிய யன்னல்கள். மண்டபத்தை அவர் வேண்டுமென்றே அகலமாக வைத்தார். முகட்டு வளையின் நடுவில் ஓர் இரும்புக் கொளுக்கியை இறுக்கி, காஸ் விளக்கைத் தூக்கிக் கட்டுவதற்குக் கயிறும் கப்பியும் பொருத்தினார். வீட்டையும் முடித்து, என் கல்யாணத்தையும் கண்டு, அடுத்த மாரியில் அவர் மௌத்தாகி எங்களை விட்டுப் போனார். உம்மா என்னோடு இருந்தார்.

என் கணவர் எனக்கு மாமி மகன். மச்சான் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கல்முனைப் பசாரில் துணிக்கடை வைத்திருந்தார். கடையை அடைத்துவிட்டு அந்திக்கு வந்தால், அவருடைய முதல் வேலை அந்த விளக்கோடுதான். எண்ணெய் ஊற்றுவார், காற்றடிப்பார், மெண்டில் வலையைப் பற்ற வைப்பார், பிறகு கயிற்றை இழுப்பார். ஒரு சீறலோடு விளக்கு முகட்டை நோக்கி ஏறும். சுவரில் ஊரும் பல்லியின் கண்கூடத் தெரியும் வெள்ளை வெளிச்சம் மண்டபத்தை நிறைக்கும். விளக்கு மேலே போகப் போக நானும் உம்மாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்புவோம்.

எங்களை யாரும் எழும்பச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒழுங்கையால் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், கரைக்குப் போகிறவர்கள், சும்மா காற்று வாங்கப் போகிறவர்கள், எல்லாருக்கும் அந்த நேரத்தில் எங்கள் மண்டபம் துணிக்கடைக் கண்ணாடி அலுமாரி போலத் தெரியும். எந்தக் கதிரையில் யார் இருக்கிறார், என்ன நிறச் சீலை உடுத்திருக்கிறார், மடியில் என்ன வைத்திருக்கிறார் என்பதெல்லாம் நடக்கிற நடையிலேயே பார்த்து முடிக்கலாம். யன்னலைச் சாத்தினால் அந்த விளக்கின் சூட்டில் மண்டபம் ரொட்டி சுடும் போறணையாகிவிடும். திரையை இழுத்து விட்டால் அது இன்னும் மோசம். விளக்கு நடு முகட்டில் நிற்பதால் உள்ளே இருப்பவரின் நிழல் திரைமேல் ஆள் உயரத்துக்கு விழும். முகம் தெரியாவிட்டாலும் மூக்கு தெரியும். ஆகவே அந்திக்குப் பிறகு மண்டபம் மச்சானுக்கும் அவருடைய கூட்டாளிமாருக்கும். நெல் விலை, ஆற்றுவாய் வெட்டுவது, தேர்தல், இவற்றைப் பற்றி அவர்கள் அங்கே இருந்து கதைப்பார்கள். நானும் உம்மாவும் பின்பக்கக் குசினி அடுப்படியில் குப்பி விளக்கின் புகையோடு இருப்போம்.

எனக்கு அது ஏன் அவ்வளவு வலித்தது என்பதைச் சொல்ல வேண்டும். பெரிய பிள்ளையானதும் என் பள்ளிக்கூடம் நின்றது. அதற்கு ஈடு செய்வதுபோல் வாப்பா எனக்குப் புத்தகங்கள் வாங்கித் தந்துகொண்டே இருந்தார். அவற்றை வைக்கும் அலுமாரியை மண்டபத்தில்தான் நிறுத்தினார். பகலில் எனக்கு வாசிக்க நேரம் கிடையாது. நெல் அவிக்கவும், கறிக்கு அரைக்கவும், கோழியைத் துரத்தவுமே பொழுது போய்விடும். அந்தி மஃரிப் தொழுகைக்கும் இரவு இஷாத் தொழுகைக்கும் இடையில் கிடைக்கிற அந்தச் சின்ன ஓய்வுதான் எனக்கென்று உள்ள நேரம். சரியாக அந்த நேரத்தில் என் புத்தகங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்திலும் நான் இந்தப் பக்கத்திலும் இருப்போம். உம்மாவோ வாப்பா மௌத்தான பிறகு, விதவைகள் வீட்டுக்குள் இருக்கும் இத்தாக் காலம் முடிந்தும், இருட்டறையிலிருந்து முழுதாக வெளியே வராதவர் போல இருந்தார். வாப்பா உம்மாவுக்காகவும்தான் அந்த மண்டபத்தை அகலமாகக் கட்டினார் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு நாள் மெண்டில் உதிர்ந்துபோனது. மச்சான் சாமான் எடுக்க மட்டக்களப்புக்குப் போயிருந்தார். நான் ஒரு சிமினி விளக்கை எடுத்துப்போய், காற்றில் அணையாமல் இருக்கட்டும் என்று, யன்னலுக்கு நேர் கீழே ஒரு பலகைக் கட்டையில் வைத்தேன். விளக்குக்கும் யன்னலுக்கும் இடையில் ஒரு பழைய பிஸ்கட் தகரத்தின் மூடியைச் சாய்த்தேன். திரையை விட்டுவிட்டு, ஒரு புத்தகத்தோடு அந்த விளக்கின் முன்னால் இருந்தேன். முன்வீட்டுக்குப் போயிருந்த உம்மா ஒழுங்கையைக் கடந்து திரும்பி வந்து, வாசல்படியில் என்னைக் கண்டு திடுக்கிட்டார்.

"நீ இஞ்சயா இரிக்கா? விளக்க வெச்சிட்டு உள்ள பெய்த்தா எண்டெல்லவா நினைச்சன்."

"நான் இஞ்சதான் உம்மா இரிக்கன். வெளிய தெரியல்லயா?"

"ஒரு மண்ணும் தெரியல்ல. தரையில கொஞ்சம் மஞ்சளாத் தெரியிது. அவ்வளவுதான்."

புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தேன். விளக்கு யன்னலுக்கும் எனக்கும் இடையில் இருந்தது. ஆகவே என் நிழல் எனக்குப் பின்னால், வீட்டின் உட்சுவரில் விழுந்தது. தகர மூடி திரைமேல் வெளிச்சம் படாமல் தடுத்தது. வெளிச்சம் என் மடிமேல், எழுத்துகளின்மேல் விழுந்து அங்கேயே நின்றது. அத்தனை நாளும் எங்களை மண்டபத்திலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தது தெருவும் இல்லை, தெருவில் போகிறவர்களும் இல்லை. விளக்கு நின்ற இடம்தான். அதை மேலேயிருந்து இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோனால் மண்டபம் எனக்குத் திரும்பி வரும். அந்தக் கணத்தில் எனக்கு உண்டான சந்தோசத்தை, பல வருடங்களுக்குப் பிறகு இதை எழுதும்போதும் என் நெஞ்சில் உணர்கிறேன்.

ஆனால் விளக்கை இறக்குவது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. அந்த நாட்களில்தான் இங்கினியாகலை அணைக்கட்டிலிருந்து கரண்டு வரப்போகிறது என்று பெருந்தெருவில் கம்பம் நட்டார்கள். மச்சான் ஊரில் முதல் ஆளாக விண்ணப்பித்திருந்தார். ஒரு நாள் கடையிலிருந்து வந்ததும், சேட்டைக்கூடக் கழற்றாமல், முகட்டைப் பார்த்தபடி நின்றார்.

"புள்ள, சனிக்கிழம வயரிங் பாக்க ஆள் வாறான். மாமா வெச்ச அந்தக் கொளுக்கியிலயே ஒரு பெரிய பல்பத் தொங்கப் போடுவம். காஸ் விளக்கு என்ன விளக்கு? பள்ளிவாசல் வரைக்கும் வெளிச்சம் போகும்."

"பள்ளிவாசலுக்கு அவங்கட வெளிச்சம் இரிக்கி மச்சான். எங்கட மண்டபத்துக்கு மேல வெளிச்சம் வேணா. யன்னலுக்குக் கீழ சுவரில வயர் இழுத்து, மேசை விளக்கு வைப்பம்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மேசைக்கு விளக்கு சரி. மண்டபத்துக்கு?"

"மண்டபத்துக்கும் அதுதான்."

"மண்டபத்த இருட்டா வெச்சா, கடையில கொள்ள நட்டம், எண்ணெய் வாங்க வழியில்ல எண்டுதான் ஊர் கதைக்கும்."

நான் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். நிழல் எங்கே விழும், தகரம் என்ன செய்யும், உம்மா ஒழுங்கையிலிருந்து என்ன கண்டார் என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவரல்ல. பெரிய வெளிச்சம் ஒரு வீட்டுக்குக் கௌரவம் என்று எல்லாரையும் போல நம்பினார், அவ்வளவுதான். கடைசியில் ஒரு வியாபாரி பேரம் முடிப்பதுபோல் ஒரு முடிவு சொன்னார்.

"வெள்ளிக்கிழம அந்திக்கு என்ட கூட்டாளிமார் வருவாங்க. காஸ் விளக்க நான் தூக்கல்ல. நீ உன்ட விளக்குகளக் கொளுத்து. அவங்க வந்து, முகம் சுழிக்காம இருந்து எழும்பினா, சனிக்கிழம வயர்காரனுக்கு நீ சொல்றதுதான் சட்டம். இல்லாட்டி கொளுக்கியில பல்ப். மறுகா கதை இல்ல."

"மறுகா கதை இல்ல" என்று நானும் சொன்னேன். ஒரு தடவை சுவரிலும் வளையிலும் கம்பி ஓடிவிட்டால், அதை இடம் மாற்ற அந்த வீட்டில் யாருக்கும் மனம் வராது என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு வெள்ளிக்கிழமை அந்தியில் என் மண்டபம் எனக்குக் கிடைக்கும், அல்லது கிடைக்காமலே போகும்.

அந்தக் கிழமை முழுக்க உம்மாவுக்குக் காய்ச்சல். பரியாரியாரின் கசாயத்தை நான் காய்ச்சிக் கொடுப்பதும், முன்வீட்டுச் சாச்சி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவதுமாக நாட்கள் கழிந்தன. சாச்சி எனக்குச் சொந்தச் சாச்சி அல்ல; உம்மாவோடு சேர்ந்து விளையாடிய கூட்டாளி. ஒழுங்கை முழுவதற்கும் கேட்கும் குரல். வெள்ளிக்கிழமை காலையில் உம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது. பகல் கஞ்சி குடித்தார். நான் சிமினிகளைச் சாம்பல் போட்டுத் துடைத்தேன், திரிகளை நேராக வெட்டினேன், பிஸ்கட் தகரங்களை வெட்டி வளைத்து ஒவ்வொரு விளக்குக்கும் முதுகில் ஒரு மறைப்புச் செய்தேன். இரண்டு யன்னல்களுக்குக் கீழேயும், வாசலோரத்திலும் குட்டிக் கட்டைகளில் விளக்குகளை வைத்தேன். யன்னல்களின் மெல்லிய திரைகளை இழுத்து விட்டேன். காஸ் விளக்கைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து விறாந்தையின் மூலையில் வைத்தேன்.

மஃரிப் பாங்கு கேட்டது. மச்சான் பள்ளிவாசலுக்குப் போனார். தொழுதுவிட்டு எழும்பி விளக்குகளை ஏற்றினேன். மண்டபம் அப்படி அழகாக இருந்து நான் கண்டதில்லை. வாப்பா பூசுவித்த சிவப்புத் தரை பழுத்த மாதுளம்பழத்தின் தோல்போல மின்னியது. மருதமுனைத் தறியில் நெய்த கதிரைத் துணிகளின் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மூலைகளில் மெல்லிய இருள் இருந்தது. அந்த இருளால் மண்டபம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் ஒன்றை மட்டும் மறந்துபோயிருந்தேன். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் மௌத்து நடந்தால், முதல் வேலையாகக் காஸ் விளக்கை இறக்கி முற்றத்துக்குக் கொண்டுபோவார்கள். முற்றத்தில் ஆண்கள் அதன் கீழே வாங்குப் பலகைகள் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மண்டபத்தைப் பெண்களுக்கு விடுவார்கள். மையித்தின் தலைமாட்டிலும் சுவரோரங்களிலும் தரையோடு சிறிய விளக்குகளை வைப்பார்கள். வாப்பா மௌத்தான அன்று எங்கள் மண்டபம் அப்படித்தான் இருந்தது. நோயாளி இருக்கிற ஒரு வீட்டில், பொழுது பட்டும் பெரிய விளக்கு ஏறாமல், தரையில் மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிந்தால் ஒழுங்கையில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

வாசலில் முதலில் வந்து நின்றவர் சாச்சி. முக்காட்டை முகத்தில் அழுத்திப் பிடித்திருந்தார்.

"யா அல்லாஹ்! எப்ப மனே நடந்த?"

"என்ன சாச்சி, எப்ப?"

"எனக்கிட்டயும் ஒளிக்கியா? நேத்துக் கசாயம் குடிச்சாவே! நான் தலமாட்டில இரிக்கக் குடுத்து வெக்காதவளாப் பெய்த்தனே! சின்னதில ஒண்டா மண் சோறு சமைச்ச கையெல்லவா!"

அவருக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நுழைந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் குசினியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"ஆருகா அது? சத்தத்தப் பாத்தா மௌத்து வீடு மாதிரி இரிக்கி. ஆருக்கு என்ன?"

சாச்சியின் அழுகை பாதியில் நின்றது. உம்மா கையைத் துடைத்தபடி மண்டபத்துக் கதவடிக்கு வந்து நின்றார்.

"நீங்க... இரிக்கீங்களா?" என்றார் சாச்சி.

"இரிக்காம? இரிக்கன். கஞ்சியும் குடிச்சன். ஏன்கா நிப்பாட்டினா? நல்லாத்தான் அழுதா. நான் மௌத்தானா நீ எப்பிடி அழுவா எண்டு பாக்க எனக்கும் கனநாள் ஆசை."

"நாசமாப் போன விளக்கு! என்ட ஈரக்கொலையே கலங்கிப் போச்சு!" என்று சாச்சி நெஞ்சில் கையை வைத்தபடி பாயில் இருந்துவிட்டார். பிறகு அவரே முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் மண்டபம் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகும் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் அழுதுகொண்டே நுழைந்தார்கள். ஒவ்வொருவருக்கும் உம்மா தானே எழும்பி நின்று தன்னைக் காட்டினார். மௌத்து வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று ஒருத்தி பெரிய கேத்தல் நிறையத் தேத்தண்ணி கொண்டு வந்திருந்தாள். அதைத் திருப்பிக் கொண்டுபோவது மரியாதையில்லை என்று எல்லாரும் குடிக்கத் தொடங்கினார்கள். வாப்பா மௌத்தான பிறகு உம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

திடீரென்று சாச்சி யன்னலைப் பார்த்துவிட்டுத் துள்ளி எழும்பினார்.

"அடியேய், ஒழுங்கை! மௌத்தும் இல்ல, ஒண்டும் இல்ல. மண்டபத்துக்க இப்பிடிச் சபை கூட்டி இரிக்கமே, ஆக்கள் பாக்காதா?"

"இரிங்க சாச்சி. நீங்களே ஒருக்கா வெளியால போய்ப் பாத்திட்டு வாங்க."

அவர் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போனார். நான் எழும்பி நின்றேன். நடந்தேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். சாச்சி திரும்பி வந்தபோது அவருடைய முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு யோசனை இருந்தது.

"நீ எங்க நிண்ட?"

"யன்னலுக்கு நேர நிண்டன். கையையும் ஆட்டினன்."

"ஒண்டும் தெரியல்ல புள்ள. நிழலும் இல்ல, உருவும் இல்ல." அவர் பாயில் நன்றாகச் சப்பணம் கட்டி இருந்தார். "அப்ப என்னத்துக்கு அவசரம்? இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்துங்க."

அப்போதுதான் முற்றத்தில் ஓடிவரும் கால்களின் சத்தம் கேட்டது. செய்தி பள்ளிவாசலுக்கும் போய்விட்டது. மச்சான் தொப்பியைக் கையில் பிடித்தபடி, செருப்பில்லாமல் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் கூட்டாளிமார் எல்லாரும் வந்தார்கள். நான் விறாந்தைக்குப் போனேன்.

"ஒண்டுமில்ல மச்சான். உம்மா சுகமா இரிக்கா. விளக்கு கீழ இரிந்ததக் கண்டு ஆக்கள் பிழையா நினைச்சிட்டாங்க."

அவர் படியில் இருந்துவிட்டார். "மாமிய நான் ஒருக்கா பாக்கணும்" என்றார். உம்மா கதவடிக்கு வந்து, "நான்தான் மகன், நானேதான்" என்றதும், அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் உம்மாவை எவ்வளவு நேசித்தார் என்பதை அன்று கண்டேன்.

இதற்கிடையில் அவருடைய கூட்டாளிமார், மௌத்து வீட்டுக்கு வந்த பழக்கத்தில், யாரும் சொல்லாமலே எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தார்கள். ஒருவர் விறாந்தையில் கிடந்த காஸ் விளக்கைப் பற்ற வைத்து யன்னல்களுக்கு நேரே முற்றத்தில் நின்ற மாமரத்தின் கிளையில் தொங்கவிட்டார். இன்னொருவர் வாங்குகளை இழுத்துப் போட்டார். நடந்தது இதுதான் என்று தெரிந்ததும் எல்லாரும் சிரித்துவிட்டு, வந்ததும் வந்தோம் என்று அந்த வாங்குகளிலேயே இருந்தார்கள். கடற்காற்று நன்றாக வீசியது. அவர்களுடைய வெற்றிலை வட்டாவை நான் வெளியே கொடுத்தனுப்பினேன்.

அவர்களில் அரிசி மில் வைத்திருந்தவர் பெரிய உடம்புக்காரர், பகிடியாகப் பேசுவார். அவர் எங்கள் யன்னல்களைப் பார்த்தபடி இருந்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மச்சானிடம் கேட்டார்.

"மண்டபத்துக்க ஆக்கள் இன்னமும் இரிக்காங்களா? எல்லாரும் வீட்ட பெய்த்தாங்க போல."

"ஒராளும் போகல்ல. நிறைஞ்சு போய் இரிக்காங்க."

"சும்மா சொல்லாதீங்க. நான் நேரதானே பாத்துக்கொண்டு இரிக்கன். ஒரு தல தெரியல்ல."

மண்டபத்துக்குள் என் பக்கத்தில் இருந்த ஒரு பெண், யன்னல் திரையை நோக்கி நிதானமாகக் குரல் கொடுத்தாள். அவள் அந்த மில்காரரின் மனைவி.

"எங்களுக்கு உங்களத் தெரியிது. பல்லு நோ எண்டு பகல் சோத்தையும் திங்காம இருந்த மனிசன், இப்ப எத்தினாவது வெத்தில போடுறீங்க?"

முற்றத்தில் எழுந்த சிரிப்பில் மாமரத்துக் காகங்கள் கலைந்தன. மில்காரர் வாயில் வைக்கப்போன வெற்றிலையைக் கையில் பிடித்தபடி, அந்த வெள்ளை வெளிச்சத்தில், எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எங்களுக்கு அவருடைய மீசை தெரிந்தது, சேட்டின் பொத்தான் தெரிந்தது, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிய விரல்கூடத் தெரிந்தது. அவருக்கு எங்களில் ஒருவரையும் தெரியவில்லை. அன்று காஸ் விளக்கின் கீழே எல்லார் கண்ணுக்கும் தெரிந்தவர்கள் ஆண்கள்.

"உங்கட மண்டபம் பொல்லாத மண்டபம்" என்றார் அவர் மச்சானிடம். "ஆனா ஒண்டு சொல்றன், இந்தக் காத்துக்கு எனக்கு வெளியதான் நல்லம். உள்ள இரிந்து வேர்க்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்."

நான் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தேன். ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு யன்னலடி விளக்கின் முன்னால் இருந்து வாசிக்கத் தொடங்கினேன். முதலில் எனக்கு மட்டும் வாசித்தேன். "சத்தமா வாசி மனே, நாங்களும் கேக்கிறம்" என்றார் உம்மா. இஷாப் பாங்கு சொல்லும் வரைக்கும் என் குரல் அந்த மண்டபத்தில் தடையில்லாமல் ஓடியது. கதையில் ஒரு மருமகள் மாமியாரை எதிர்த்துப் பேசிய இடத்தில் இரண்டு கட்சிகள் உண்டாகி, நான் வாசிப்பை நிறுத்தி அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. பாங்கு கேட்டதும் ஆண்கள் பள்ளிவாசலுக்கு எழும்பிப் போனார்கள். அவர்களில் ஒருவரும் முகம் சுழிக்கவில்லை. மச்சான் போகும்போது விறாந்தையில் ஒரு நிமிடம் நின்று, உள்ளே பார்க்காமலே, "சனிக்கிழம நீ சொல்றதுதான்" என்றார்.

வயரிங் செய்ய வந்தவர் காலையில் நீண்ட ஏணியோடு வந்தார். நேரே மண்டபத்துக்குள் நுழைந்து, முகட்டை அண்ணாந்து பார்த்து, ஏணியைச் சாத்தப் போனார்.

"ஏணிய வெளிய வைங்க தம்பி" என்றார் மச்சான். "மண்டபத்து வேலய வீட்டுக்காரியிட்டக் கேளுங்க."

நான் கரித்துண்டால் சுவரில் முன்பே அடையாளம் போட்டிருந்தேன். யன்னல்களுக்குக் கீழே ஒவ்வொன்று, வாசலோரத்தில் ஒன்று, அலுமாரிக்குப் பக்கத்தில் ஒன்று. அவர் அந்தக் கரிப்புள்ளிகளையும் வெறுமையான முகட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேல ஒண்டும் இல்லயா? மேல லைட் இல்லாத மண்டபம் நான் இன்னும் வயர் பண்ணல்ல. நாளைக்கு உங்கட ஆக்கள் என்னத்தான் பேசுவாங்க."

"பேச மாட்டாங்க" என்றேன். "மேல போடுற ஒண்ட மாமரத்தடிக்கு இழுங்க. அங்கதான் ஆம்பிளையள் இரிப்பாங்க."

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

கரண்டு வர இன்னும் சில மாதங்கள் எடுத்தன. அதற்குள் எங்கள் மண்டபம் ஒழுங்கையின் பெண்களுக்குப் பழகிவிட்டது. மஃரிப் தொழுதுவிட்டு, சாச்சி ஒவ்வொரு நாளும் "இண்டைக்கு ஆருகா மௌத்து?" என்று கேட்டுக்கொண்டே நுழைவார். தையல் கொண்டு வருவார்கள், பாய் இழைக்கப் பன் கொண்டு வருவார்கள், கைப்பிள்ளையைக் கொண்டு வருவார்கள். பள்ளிக்கூடம் நின்றுபோன பெண்பிள்ளைகள் இரண்டு பேர் என் இரு பக்கமும் இருந்து, என் விரல் போகும் இடத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டினார்கள். உம்மா தன் பாயை உள் அறைக்கு எடுத்துப்போவதை விட்டுவிட்டார். அது மண்டபத்தின் மூலையிலேயே சாத்திவைக்கப்பட்டு, அவருக்குரிய இடமாக நின்றது.

கரண்டு வந்த நாளில் மச்சான் கொழும்பிலிருந்து எடுப்பித்த மேசை விளக்குகளை நானே வைத்தேன். தறித்துணியில் தைத்த மூடிகளைப் போட்டேன். பொத்தானை அழுத்தியதும் மண்டபத்தின் ஓரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பொன்னிறமாயின. பெண்கள் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். எண்ணெய் மணம் இல்லை, புகை இல்லை, திரி கருகும் பயம் இல்லை. வெளியே மாமரத்தடியில் பல்ப் எரிந்ததும் ஆண்கள் கைதட்டினார்கள். எல்லாரும் கேட்டபடியால், மாமியாரை எதிர்த்த அந்த மருமகளின் கதையையே நான் திரும்பவும் வாசிக்கத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மண்டபத்து வாசலில் யாரோ செருமும் சத்தம் கேட்டது. எங்கள் வீடுகளில் பெண்கள் இருக்கும் உள்ளறைக்கு வர வேண்டியிருந்தால், ஆண்கள் முதலில் அப்படித்தான் ஒரு செருமல் செருமி, பதில் வரும் வரைக்கும் வெளியே நிற்பார்கள். பெண்கள் முக்காட்டைச் சரி செய்தார்கள். சாச்சி என் கையைக் கிள்ளினார். தன் கையால் பெரிய வெளிச்சத்தை ஒவ்வொரு அந்தியும் முகட்டுக்கு ஏற்றிய என் மச்சான், வீட்டின் முன்மண்டபத்து வாசலில், உள்ளே வரலாமா என்று கேட்டு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன வேணும் மச்சான்?"

"கதையில அந்த மருமகளுக்கு மறுகா என்ன நடந்த எண்டு முத்தத்தில எல்லாரும் கேக்கிறாங்க" என்றார். "கொஞ்சம் சத்தமா வாசிக்கச் சொன்னாங்க."

நான் பக்கத்தைப் பின்னால் புரட்டி, அவர்களுக்கும் விளங்கட்டும் என்று, அத்தியாயத்தின் தொடக்கத்திலிருந்து வாசித்தேன்.